முதலில் கை தூக்குகிறவர்

எந்தச் சங்கக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். தீர்மானத்தைப் படித்து முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவார். இவருக்கு 'முதல் கை' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒற்றுமை என்று சொல்லும்போது இவருக்குத் தொண்டை அடைக்கும், மேஜை அதிரும், பக்கத்தில் இருப்பவரின் டீ சிந்தும். பார்த்திருப்பீர்கள்.

எனக்குத் தெரிந்த முதல் கை உருளைக்கிழங்கு போடுகிறவர். அந்த வருடம் எல்லார் நிலத்திலும் அமோக விளைச்சல். அதனால் எல்லார் வீட்டிலும் துக்கம். மொத்தமும் ஒரே சமயத்தில் சந்தையில் இறங்கினால் விலை என்ன ஆகும்? சங்கம் கூடியது. வியாபாரி விலையை ஏற்றும்வரை யாரும் ஒரு மூட்டைகூட அனுப்புவதில்லை என்று முடிவானது. முதலில் உயர்ந்த கை யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

"தீர்மானம் மட்டும் பத்தாதுங்க. ரோட்டுல தடுப்பு போட்டு ஆள் நிறுத்தணும். ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியைத் தவிர ஒண்ணும் தாண்டக் கூடாது."

ஒரே கைதட்டல்.

வீட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்துகொண்டிருந்தார் மனைவி. மழைக்கு முன்னால் கூரையை மாற்றியாக வேண்டும், கிழங்கு விற்றுத்தான்.

"இந்த ஒரு தடவையாவது பொறுமையா இருங்க. நல்ல விலை வரட்டும்."

"ஊரே விக்காம உக்காந்திருக்கு. இப்ப நம்ம வண்டி மட்டும் போனா என்ன விலை கிடைக்கும், யோசிச்சியா?"

"அப்ப உங்க தீர்மானம்?"

"அது அவங்க கட்டுப்படறதுக்கு. அதை விடு, உனக்கு முனகத் தெரியுமா?"

"உங்களைக் கட்டிக்கிட்டு அதுகூடத் தெரியாமலா?"

மறுநாள் காலை வண்டியில் மூட்டைகள், மூட்டைகள் மேல் மெத்தை, மெத்தை மேல் போர்வைக்குள் மனைவி என்று கிளம்பினார்கள். தடுப்பில் ஆளே இல்லை. "காவல் காக்கற லட்சணத்தைப் பாரு," என்று முதல் கைக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சந்தை வாசலில் வரிசை. முன்னால் சங்கத் தலைவர் குளுக்கோஸ் பாட்டில் தொங்க மல்லாந்திருந்தார். பின்னால் செயலாளரின் மச்சான் முனகிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால், தலையில் பெரிய கட்டோடு, தடுப்பில் நிற்க வேண்டிய காவல்காரர்.

"அண்ணிக்கு என்ன அண்ணே?" முனகலை நிறுத்திவிட்டு மச்சான் கேட்டார்.

"வயித்து வலி. உனக்கு?"

"நெஞ்சுல பிடிச்சுக்கிச்சு."

மெத்தைக்கு அடியில் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் ஊர் அவ்வளவு ஒற்றுமை.

வியாபாரி பெரிய டாக்டர் மாதிரி ஒவ்வொரு மெத்தையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு விலை சொன்னார். விதைக்குப் போட்ட காசுகூடத் தேறாது.

"கட்டுப்படியாகலைன்னா ஆஸ்பத்திரிக்கே போங்க."

மனைவி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "இந்த விலைக்கு நிஜமாவே படுத்துடலாம்."

விற்றார்கள். வேறென்ன செய்வது? மழை வந்தபோது வீட்டிலிருந்த அண்டா குண்டா எல்லாம் ஒழுகும் கூரைக்கு அடியில் இருந்தன. அடுத்த கூட்டத்தில் முதல் கை குரல் தழுதழுக்க, "நம்மள்ல எவனோ ஒரு துரோகி இருக்கான்," என்றார். துரோகியைக் கண்டுபிடிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சிரிக்கிறீர்கள். நீங்கள் கிழங்கு போடுகிறவர் இல்லைதான். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'மற்றவர்கள் எல்லாம் ஒழுங்காக வீட்டில் இருந்திருந்தால் அந்த ஒரு வண்டி தப்பித்திருக்குமே, கூரையும் மாறியிருக்குமே' என்று ஒரு கணம் தோன்றியதா?

தோன்றியது அல்லவா? வாருங்கள், முன்வரிசையில் உட்காருங்கள். தீர்மானம் படிக்கப் போகிறார்கள்.