க்ளின்மோர் மன்றச் சுவரில் மறுபடியும் என் தலை

ஹார்பெக், யார்க்‌ஷயர்
அக்டோபர் 1996

ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்க்கும் அருமைத் தம்பி க்விலிமுக்கு, அண்ணன் இட்வல் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஹில்டா எழுதுவது. இங்கு நான் நலம், என் இடது முழங்கால் நலமில்லை. அங்கு உன் மனைவி மக்களும் ஆடுகளும் நலமாயிருக்க ஆண்டவர் அருள்வாராக.

தம்பி, ஜெயித்துவிட்டேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஹில்டாவுக்குப் புரிய வேண்டுமென்பதால் முதலிலிருந்து வருகிறேன். ஐம்பத்தொன்றில் நாம் இருவரும் சுரங்கத்தில் கரி வெட்டிக்கொண்டு, சனிக்கிழமை நம் வேல்ஸ் ஊர் க்ளின்மோருக்காகக் காசு வாங்காமல் பதினைந்து பேர் ரக்பி ஆடிக்கொண்டிருந்தபோது, வடக்கே இங்கிலாந்திலிருந்து தொப்பிக்காரர் ஒருவர் நம் சமையலறைக்கு வந்து, சம்பளம் தரும் பதின்மூன்று பேர் ரக்பிக்கு என்னைக் கூப்பிட்டார். எழுதத் தெரியாததால் அவர் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். மறுநாள் காலை மன்றச் செயலாளர் டியூடர் பெவன் வாசலில் வந்து நின்று, "இட்வல், வடக்க போனவன் எங்களுக்குச் செத்தவன். இனிமே மன்றத்துப் படியில உன் பூட்ஸ் படக் கூடாது" என்றார். அன்றைக்கே சுவரிலிருந்த அணிப் படத்தில் என் முகத்தின்மேல் பழுப்புக் காகிதம் ஒட்டினார். அந்தக் கோபத்தில்தானே நீ மன்றத்துக்குள் கால் வைக்காமலே கப்பலேறினாய்!

வடக்கே முதல் ஆட்டம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் வேண்டாமென்பேன். பந்து கோட்டுக்கு வெளியே போனதும், பழக்க தோஷத்தில் ஓரமாய் ஓடிப் போய் எம்பிப் பிடிக்கத் தயாராய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒருவரும் வரவில்லை. பதின்மூன்று பேர் ஆட்டத்தில் இரண்டு அணியும் வரிசை கட்டி நின்று பந்துக்கு எம்பும் அந்த வழக்கமே கிடையாதாம்! கூட்டத்தில் ஒருத்தன், "யோவ் வேல்ஸ்காரா, பஸ் அந்தப் பக்கம்யா நிக்கும்!" என்று கத்தினான். அடுத்து என்னைப் பிடித்து வீழ்த்தினார்கள், நம்மூர் வழக்கப்படி பந்தை நல்ல பிள்ளையாய்க் கீழே விட்டேன், எதிராளி எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டான். கேப்டன் ஆல்பர்ட் என் சட்டையைப் பிடித்து, "தானம் பண்ண வந்தியா? எந்திரிச்சு நின்னு, பந்தைக் குதிகாலால பின்னாடி தள்ளுடா!" என்றான். தள்ளினேன் தம்பி. பதினோரு வருஷம், முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், ஐம்பத்தாறில் கோப்பை. இறுதி ஆட்டத்தில் நாலு பேரைத் தாண்டிக் கோட்டுக்கு அப்பால் நான் பந்தை வைத்தபோது, அதே ஆல்பர்ட் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். மீசை குத்தியது.

ஆனாலும் என்ன? அப்பா அடக்கத்தன்று எல்லாரும் மன்றத்துக்குள் தேநீர் குடிக்க, நான் மட்டும் மழையில் வெளியே நின்றேன். வடக்கே ஜெயித்த கோப்பை மட்டும் நனையாமல் இருந்து என்ன பயன்?

போன வருஷம் பதினைந்து பேர் ஆட்டத்திலும் சம்பளம் வந்துவிட்டது, வடக்கே போனவர்களைத் தள்ளி வைத்த விலக்கும் போயிற்று. டியூடரே கடிதம் எழுதிக் கூப்பிட்டார். எண்பது வயசு, கையில் கோல். வாசலில் என்னைப் பார்த்ததும், "வாய்யா துரோகி, ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார். "நீ கதவைத் தொறக்க நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சுய்யா" என்றேன். ஊரே சிரித்தது. படத்தில் காகிதத்தை உரித்தபோது பசையோடு முகமும் சேர்ந்து வந்துவிட்டதாம், அதனால் என் பஸ் பாஸ் படத்திலிருந்து தலையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். இருபத்திநாலு வயசு உடம்பில் அறுபத்தொன்பது வயசு மொட்டைத் தலை, காதில் கருவியோடு! கண்புரை வழியாகப் பார்த்தாலும் கம்பீரம்தான். பக்கத்தில் நீ மார்பில் கை கட்டிக்கொண்டு, என்னைவிட அழகாய் நின்றாய், அதை ஒத்துக்கொள்கிறேன். எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள். டியூடர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரு இட்வல்" என்றார். நான் அழவில்லை, மூக்கு மட்டும் ஒழுகியது.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், சிறியவர்களுக்கு முத்தமும், ஆடுகளுக்கு நல்ல மழையும் உண்டாவதாக.

இப்படிக்கு,
வென்று வந்த அண்ணன்
X (இட்வல்)

பின்குறிப்பு: உனக்கு அனுப்ப அந்தப் படத்தின் நகலை ஹில்டா மடிக்கும்போது, அடியிலிருந்த பெயர் வரிசையைப் படித்தாள். நகலெடுக்கக் கழற்றும் வரை அது படச் சட்டத்துக்குள் மறைந்திருந்ததாம். "ஏங்க, மொட்டைத் தலைக்குக் கீழ க்விலிம்னுல்ல போட்டிருக்கு? கை கட்டி நிக்கிற அழகன்தான் இட்வலாம்!" என்கிறாள். நம் முகம் அம்மாவுக்கே மாறிப் போகும், டியூடரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆக, நாற்பத்தைந்து வருஷமும் நான் அந்தச் சுவரில் ஜம்மென்று நின்றிருக்கிறேன். வடக்கே போகாத நீதான் விலக்கப்பட்டிருக்கிறாய். இப்போது அங்கே நான் இரண்டு பேர், நீ ஒருவனும் இல்லை. டியூடரிடம் பசை மிச்சமிருக்கும்போதே உன் படம் ஒன்றை அனுப்பு. என் கிழட்டுத் தலையின்மேல் ஒட்டச் சொல்கிறேன். அழகனை விட்டுத் தர மாட்டேன்.