பதினாறு டன் என்று உண்மையைச் சொன்ன மச்சானுக்கு

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

நேற்றுக் காலை பத்தேகால் மணிக்கு ஒரு லாரியை மலைப்பாதையிலிருந்து பள்ளத்தில் விட்டேன். எனக்கு அடி இல்லை. லாரிக்கும் சேதமில்லை, ஏனென்றால் லாரியே இல்லை. நீ மூன்று தடவை ஃபெயிலான அதே பயிற்சி நிலையத்தில், அதே சிமுலேட்டர் மெஷினில்தான் இந்தக் கூத்து. போன மாதம் டைல்ஸ் லோடோடு இறக்கத்தில் இறங்கும்போது நீ என் வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினாய். டைல்ஸில் பாதி தூளாகிவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்றாய், தூங்கிவிட்டாய் என்றேன். மெஷினில் பாஸாகிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் சாவி என்று நாலு பேர் முன்னால் சொன்னவனும் நான்தான், மறுக்கவில்லை. மூன்றாவது தடவையும் ஃபெயில் என்று கேட்டதும், பிள்ளைக்கு மார்க் குறைந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் சண்டை போடுகிற அப்பனைப் போலக் கிளம்பிப் போனேன். உனக்காகப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கட்டணம் கட்டியவன் நான்.

அந்த மெஷினை நீ பார்த்ததுதான், இருந்தாலும் வியாபாரி கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். லாரியின் தலை மட்டும் இருக்கிறது, உடம்பு இல்லை. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று திரை. டயர் தேயாது, டீசல் குடிக்காது, மழையில் நனையாது. இப்படி ஒரு லாரி அமைந்திருந்தால் இந்நேரம் நான் எங்கேயோ போயிருப்பேன். ஒரே குறை, அதில் டைல்ஸ் ஏற்ற முடியாது. பயிற்சி கொடுக்கும் அம்மா, “எத்தனை டன் போடட்டும் சார்?” என்று கேட்டார். யார் கேட்டாலும் நாக்கு நுனியில் தயாராக இருக்கும் சட்டப்படியான அளவைச் சொன்னேன்: “பத்து.” ஒன்பது வருஷம் சொந்தமாக ஓட்டியவன் அல்லவா, கை மறக்கவில்லை. கீழ் கியரிலேயே இறக்கம் முழுக்க இறங்கினேன், நூற்றுக்கு எண்பத்திரண்டு. பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த டிரைவர்கள் பக்கம் திரும்பி, “இதுல போய் மூணு வாட்டி ஃபெயிலாகியிருக்கான்பா என் மச்சான்” என்றேன். அதோடு இறங்கியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

“அவர் பத்துன்னு சொல்லலையே சார். பதினாறு போடச் சொன்னார்” என்றார் அந்த அம்மா.

“எதுக்கு?”

“தினமும் அதானே ஏத்துறோம்னார்.”

பெஞ்சில் யாரோ இருமினார்கள். மச்சான், இருக்கிற டிரைவரெல்லாம் பத்து என்று சொல்லிப் பாஸாகிப் போகிறான். நீ ஒருத்தன் மட்டும் டாக்டரிடம் சொல்வதைப் போல மெஷினிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறாய். ரோஷத்தில் நானும், “போடும்மா பதினாறு” என்று சொல்லிவிட்டேன். முதல் வளைவு வரை ராஜா மாதிரி போனேன். இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தால் மிதித்த மாதிரியே இல்லை. மூன்றாவதில் வண்டி என்னைக் கேட்காமலே போனது, திரை முழுக்க வானம், அப்புறம் மரம், அப்புறம் ஒரே கறுப்பு. “முதலாளி, ஹாரனையாவது அடிங்க” என்றான் ஒருவன். “கதவைத் திறந்து குதிச்சிடுங்க” என்றான் இன்னொருவன். அவசரத்தில் நான் கதவுப் பிடியில் கை வைத்ததையும் மறைக்கவில்லை. நாலு தடவை ஓட்டினேன், நாலு தடவையும் பள்ளம். நாலாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அந்த அம்மா உன் மூன்று ஓட்டத்தையும் திரையில் போட்டுக் காட்டினார். மூன்று தடவையும் பள்ளத்துப் பக்கம் விடாமல், மலைப் பக்கம் மண்மேட்டில் உரசி உரசி நிறுத்தியிருக்கிறாய். “மோதினா ஃபெயில்னுதான் மெஷின் எழுதும் சார். ஆனா இந்த எடையோட உயிரோட நின்னவர் இதுவரைக்கும் அவர் ஒருத்தர்தான்” என்றார்.

இதையெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மெஷின் சரியில்லை. இருக்கை ஆடுகிறது, திரை கண்ணைக் கூசவைக்கிறது. ஆகையால் நீ நாலாவது தடவை போய் உட்கார். எத்தனை டன் என்று கேட்டால் பத்து என்று சொல். சான்றிதழோடு வா, சாவி தருகிறேன், லோடு பழையபடி ஏற்றுவோம். தூங்கினாய் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கடிதத்தில் சொல்லியாயிற்று, நேரில் எதிர்பார்க்காதே.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரும் நோய் நொடி இல்லாமல், என்னைவிட நல்ல தூக்கத்தோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா படித்துவிட்டாள். “மெஷின்கிட்ட பத்துன்னு சொல்லச் சொல்றீங்க சரி. இறக்கத்துல பிரேக்குகிட்ட என்ன சொல்லுவான்?” என்றாள். “உனக்கு வியாபாரம் புரியாது” என்றேன். “புரிஞ்சதாலதான் கேக்குறேன். டைல்ஸ் உடைஞ்சா ஃபேக்டரியில வேற எடுப்பீங்க. இருக்கறது ஒரே தம்பி, இன்னொண்ணுக்கு நான் எங்க போய் ஆர்டர் குடுக்குறது?” என்றாள். ஆகவே மேலே உள்ள முடிவை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள். புதுத் தாள் வீண் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்: சான்றிதழ் வேண்டாம். திங்கட்கிழமை வந்து சேர். சம்பளம் பழைய சம்பளம், உடைந்த டைல்ஸ் என் தலையில். வண்டிக்குப் பத்து டன், அதற்குமேல் ஒரு பெட்டிகூட ஏறாது. எடைச் சீட்டு உன் சட்டைப்பையில் இருக்கும். அது இல்லாமல் நானே கிளம்பச் சொன்னாலும் நீ கிளம்ப வேண்டாம்.