அரைக் கட்டணத்துக்கு ஒரு வாடி

“சோபாவை ஏத்தாத பேர்னாட்! வயல் வாடிக்குள்ள சோபா கிடந்தா, பார்க்க வாற ஆள் என்ன நினைப்பார்?”

“ஏன் அண்ணன், படுவான்கரை ஆக்களுக்கு முதுகு இல்லையா?” என்றபடி தங்கராசாவின் சிநேகிதன் பேர்னாட் சோபாவின் மற்ற முனையைத் தன் சின்ன லொறியிலிருந்து இறக்கி வைத்தான்.

தங்கராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாவற்குடாவில் பிறந்து, நாவற்குடாவிலேயே சைக்கிள் கடை வைத்திருக்கிற மனிதர், வாவிக்கு மறுகரையில் குடியிருக்கிற ஆளாக மாற வேண்டியிருந்தது. எல்லாம் மகள் ஆர்த்திகாவுக்காக. அரசாங்கக் கம்பசில் புதிதாகத் தொடங்கும் படிப்புக்கு அவள் தெரிவாகியிருந்தாள். கட்டணம் கட்டிப் படிக்கிற படிப்பு. ஆனால் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் குடியிருக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் பாதி. முழுக் கட்டணம் என்றால் ஆர்த்திகா வீட்டில்தான் இருக்க வேண்டும். பாதி என்றால் படிக்கலாம்.

தங்கராசாவுக்கு வவுணதீவில் கொஞ்ச வயலும், அதற்குள் காவலுக்குப் படுக்கத் தகரம் போட்ட ஒரு வாடியும் இருந்தன. அந்த விலாசத்தைப் போட்டு விண்ணப்பித்துவிட்டார். அங்கே குடியிருப்பது உண்மைதானா என்று கம்பசிலிருந்து ஒரு ஆள் வந்து பார்ப்பாராம்.

“ஆள் எப்ப வருவார் எண்டு சொல்ல மாட்டாங்களாம். திடீரெண்டுதான் வருவாராம்” என்றாள் ஆர்த்திகா.

“வரட்டும். ஒரு கிழமை பாயில படுத்தா எலும்பு உடைஞ்சிராது” என்றார் தங்கராசா.

“பிறிட்ஜ்?” என்று கேட்டாள் அவர் மனைவி புஸ்பம்.

“கரண்ட் இல்லாத இடத்துக்குப் பிறிட்ஜ் எதுக்குப் புஸ்பம்?”

“கரண்ட் இல்லாத இடத்துக்கு நான் மட்டும் எதுக்கு?”

ஆனாலும் வந்தாள்.

ஒரு கிழமை போயிற்று. யாரும் வரவில்லை. பக்கத்து வயல்காரி மங்கையற்கரசி மட்டும் வந்தாள். வந்தவள் இடுப்பில் கைவைத்து, வாடியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“அண்ணன், குடியிருக்கிற வளவு மாதிரியா இது இரிக்கி? ஒரு வாழை உண்டா, ஒரு கத்தரி உண்டா? ஆரும் பார்த்தா, மழைக்கு ஒதுங்கின ஆக்கள் எண்டுதான் சொல்லுவாங்க.”

“மறுகா என்ன செய்யலாம் தங்கச்சி?”

“வாழை வைங்க. பச்சையா இரிந்தாத்தான் பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வரும்.”

தங்கராசா அவளிடமே நன்கு வளர்ந்த கன்றுகளாக வாங்கி, வாடியைச் சுற்றி வைத்தார். வளவு பச்சையாகத்தான் இருந்தது. பார்த்தவர்களுக்கு நம்பிக்கையும் வந்தது. முதலில் நம்பியது யானை.

பொழுது படுகிற நேரம் அது ஆற அமர வந்து, வாழைகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டது. கடைசி வாழை சுவரோடு ஒட்டி நின்றது. அதைச் சுவரோடு சேர்த்தே எடுத்தது. மூன்று பேரும் மங்கையற்கரசி வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தார்கள்.

“தங்கச்சி, யானை வரும் எண்டு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“இஞ்ச குடியிருக்கிற ஆக்களுக்கு அது தெரியும்தானே அண்ணன்?” என்றாள் அவள். முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை.

சுவரில்லாத வாடியை எந்த அதிகாரி வீடென்று ஒப்புக்கொள்வார்? கல்லும் சீமெந்தும் வேண்டும். தங்கராசா பேர்னாட்டைக் கூப்பிட்டார்.

பேர்னாட் இடிந்த சுவரைப் பார்க்கவில்லை. வேறொன்றைப் பார்த்தான்.

“அண்ணன், நாவற்குடா வீடு பூட்டிக் கிடக்கு. கம்பஸ் ஆள் அங்கயும் போய் விசாரிச்சா? ‘இன்னும் வீடு வைச்சிருக்கிறாங்க, வயலுக்கு வந்து போற ஆக்கள்’ எண்டு எழுதினா ஆர்த்திகாட அலுவல் முடிஞ்சுது.”

தங்கராசா கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். “அப்ப?”

“வாடகைக்குக் குடுப்பம். எனக்கிட்ட ஒரு ஆள் கேட்டுக்கொண்டே இரிக்கிறார். திருகோணமலையில இருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர், மனிசியும் குழந்தையும். தங்கமான ஆள். வாடகைக் காசில சுவரையும் கட்டலாம்.”

“எங்கட வீட்டிலயா?” என்றாள் புஸ்பம். “என்ட குசினியில, என்ட அடுப்பிலயா?”

“ஒரு வருசத்துக்குத்தான் அக்கா.”

“ஒரு வருசமா!”

தங்கராசா யோசித்தார். “நான் அந்த ஆளைப் பார்க்க மாட்டன் பேர்னாட். கடைக்குப் போய் வாறதோட சரி, அந்த வீட்டுப் பக்கமே வர மாட்டன். அந்த வளவுக்குள்ள என்ட காலடி பட்டா ஆரும் கண்டு சொல்லிருவாங்க. எல்லாம் நீயே பாரு.”

அப்படியே நடந்தது. சுவர் எழும்பியது. கல்லுச் சுவருக்குத் தகரக் கூரை பொருந்தவில்லை என்று மேசன் சொன்னதால் ஓடு ஏறியது. ஓடு ஏறிய வீட்டில் விளக்குக் கொளுத்தினால் சந்தேகம் வரும் என்று தங்கராசாவே சொன்னதால் கரண்ட் வந்தது. கரண்ட் வந்த மறுநாள், புஸ்பம் யாரிடமும் கேட்காமல் பேர்னாட்டின் லொறியில் போய், அவன் வீட்டில் போட்டு வைத்திருந்த பிறிட்ஜோடு திரும்பி வந்தாள். சோபாவும் கூடவே வந்தது.

யானை வேலியும் வந்துவிட்டது. வேலிக்குள் கத்தரி காய்த்தது. புஸ்பம் மங்கையற்கரசியோடு சேர்ந்து பால் விற்கத் தொடங்கியிருந்தாள். தங்கராசா மட்டும் தினமும் வலையிறவுப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து கடைக்குப் போய், கால் வலியோடு திரும்பி வந்தார்.

அதிகாரியைத்தான் காணவில்லை. நாவற்குடாவிலிருந்து பேர்னாட் மூலம் செய்திகள் மட்டும் ஒழுங்காக வந்தன.

“தண்ணி மோட்டர் சத்தம் போடுதாம் அண்ணன்.”

“தட்டினா நிக்கும் எண்டு சொல்லு.”

“எங்க தட்டுற எண்டு கேட்கிறார்.”

“இடப்பக்கம். செருப்பால.”

கடைசியில் தங்கராசா கம்பசுக்கே போய் விசாரித்தார். “வீடு பார்க்கிற பழைய ஆள் மாறிப் போயிற்றார். புது ஆள் வந்து குடும்பத்தோட இப்பதான் ஒரு மாதிரிக் குடியேறியிருக்கிறார். வருவார், வருவார்” என்றார்கள்.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கராசா கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு இளம் மனிதர் கடதாசிக் கோவையோடு இறங்கினார்.

“நான் நிலோஜன். கம்பசில இருந்து வாறன். ஆர்த்திகாட வீடு இதுதானே?”

இவ்வளவு நாள் மனப்பாடம் செய்த பேச்சு தங்கராசாவின் வாயிலிருந்து கொட்டியது. “ஓம் ஐயா! இதுதான், இதே வீடுதான். நான் பிறந்தது, எங்கட அப்பா பிறந்தது, புள்ள பிறந்தது, எல்லாம் இந்த வளவுதான். வாவிக்கு அங்கால என்ன இரிக்கெண்டே எங்களுக்குத் தெரியா!”

நிலோஜன் தலையாட்டிக் கேட்டார். புஸ்பம் கொடுத்த பால்தேத்தண்ணியைக் குடித்தார். கதவோரம் நின்ற ஆர்த்திகாவை மேலும் கீழும் பார்த்தார்.

“தங்கச்சி கடைசிக் கோட்டை விட ரெண்டு விரல் வளர்ந்திட்டா போல.”

“எந்தக் கோடு?” என்றாள் ஆர்த்திகா.

“குசினிக் கதவு நிலையில இரிக்கிற கோடு. ‘ஆர்த்திகா, முதல் நாள் பள்ளிக்கூடம்.’ அதுக்கு மேல, ‘ஆர்த்திகா, பத்தாம் வகுப்பு.’ எங்கட சின்னவனையும் அதுக்குப் பக்கத்திலதான் நிப்பாட்டி அளக்கிறம்.” பிறகு தங்கராசாவைப் பார்த்துச் சொன்னார்: “மோட்டர் இப்ப நல்லா ஓடுது அண்ணன். செருப்புத்தான் பிஞ்சு போச்சு.”

தண்ணீர்க் குழாய் தங்கராசாவின் கையிலிருந்து விழுந்து, அவர் காலையே நனைத்துக்கொண்டிருந்தது.

புஸ்பம்தான் முதலில் வாய் திறந்தாள். “ஐயா, பொய்தான் சொன்னம். நாங்க நாவற்குடா ஆக்கள்தான். புள்ள படிக்கட்டும் எண்டு இந்த மனிசன் செஞ்ச வேலை. அவளைத் தண்டிச்சிராதீங்க.”

“அப்பா மட்டும் இல்லை, நானும் சேர்ந்துதான்” என்றாள் ஆர்த்திகா. கண் கலங்கியிருந்தது.

நிலோஜன் கோவையைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துக் கையெழுத்தும் வைத்தார்.

“என்ன எழுதினீங்க ஐயா?” தங்கராசா கோவைக்குள் எட்டிப் பார்த்தார்.

“படுவான்கரையில நிரந்தர வதிவு. அரைக் கட்டணம் குடுக்கலாம்.”

“எங்கட வீடு எங்க இரிக்கெண்டு தெரிஞ்சுமா?”

“எங்க பிறந்தீங்க, எங்க வீடு இரிக்கி எண்டு ஆரும் கேட்கயில்லை அண்ணன். இப்ப எங்க குடியிருக்கிறீங்க எண்டதுதான் கேள்வி” என்ற நிலோஜன் கோவையை மூடிக்கொண்டு எழும்பினார். “நீங்க நாவற்குடாவில இல்லை எண்டதுக்கு, அந்த வீட்டுக்குள்ளயே படுத்தெழும்புற என்னை விட நல்ல சாட்சி ஆரு?”