அரண்மனைக்கு எலிப்பொறி வழங்குவோர்

ஃப்ரோம் நகரத்துக் கடைத்தெருவில், பாப்ஜாய் எலிப்பொறிக் கடையின் வாசலில் அரச முத்திரை தொங்கியது. அதன் கீழே ‘அரண்மனைக்கு எலிப்பொறி வழங்குவோர்’ என்று தங்க எழுத்து. முத்திரை வருவதற்கு முன் எட்வினா பாப்ஜாயும் அவள் கணவர் வில்ஃபும் அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வந்த பிறகு, எலியைக் கண்ணாலும் பார்த்திராத சீமாட்டிகள்கூட, “அரண்மனையில வைக்கிற அதே பொறி கொடுங்க” என்று வரிசையில் நின்றார்கள். ஒரு சீமாட்டி அதைக் கைப்பைக்குக் கொக்கியாகவே மாட்டிக்கொண்டாள். விரல் நசுங்கியது, கௌரவம் நசுங்கவில்லை.

ஐந்தாம் ஆண்டு, முத்திரையைப் புதுப்பிக்க அரண்மனை அலுவலகத்திலிருந்து ஃபான்ஷா என்ற அதிகாரி வந்தார். தேநீர் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, மூன்று பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

“அம்மணி, போன வருஷம் முழுக்க நீங்க ஒரு பொறிகூட வழங்கலையே?”

“மாட்டேன்னா சொன்னேன்? நீங்கதான் கேக்கல,” என்றாள் எட்வினா.

“எலி இருந்தாத்தானே கேக்க? உங்க பொறி அவ்வளவு நல்ல பொறி. கடைசி எலி முந்தின ஈஸ்டருக்கே போய்ச் சேந்துடுச்சு.”

“அப்போ அதைப் பாராட்டி முத்திரையைக் கொடுத்துட்டுப் போங்க!”

“தொடர்ந்து வழங்குறவங்களுக்குத்தான் முத்திரை. நல்லா வழங்குறவங்களுக்குன்னு விதியில எங்கயும் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆர்டர் வரலைன்னா பலகையைக் கழட்டிடணும்.”

பலகை இறங்கினால் வரிசை கலையும். வரிசை கலைந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

பின்கட்டுப் பட்டறையிலிருந்து வில்ஃப் தலையை நீட்டினார். “ஏன் சார், அங்க எலி வந்துட்டா?”

“மறுநாளே ஆர்டர் வரும்.”

“அப்ப நாங்களே நாலு எலி அனுப்பினா?”

எட்வினா அவர் காலை மிதித்தாள். ஆனால் ஃபான்ஷா கோபப்படவில்லை, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“திருட்டுத்தனமா எலி விட்டா குற்றம். முறைப்படின்னா, எலி வழங்கத் தனி விண்ணப்பம் இருக்கு. மூணு பிரதி. ஒவ்வொரு எலிக்கும் நடத்தைச் சான்று வேணும். எலியை ரெண்டு வருஷமா தெரிஞ்ச, சொந்தக்காரர் அல்லாத ஒருத்தர் கையெழுத்துப் போடணும்.”

“நானே போடுறேன்,” என்றார் வில்ஃப். “அந்த அலமாரிக்குப் பின்னாடி இருக்கிறதுங்களை எனக்கு மூணு வருஷமா தெரியும்.”

“எலிப்பொறிக் கடையிலயா?”

“அவர் கெடக்கார் சார், நீங்க பிஸ்கட் சாப்பிடுங்க,” என்றாள் எட்வினா.

வியாழக்கிழமை வெல்வெட் பெட்டியில் நான்கு எலிகள் அரண்மனைக்கு எழுந்தருளின. வெள்ளிக்கிழமை இரண்டு டஜன் பொறிக்கு ஆர்டர் வந்தது. தொடர்ந்து வழங்கும் பொருள் எதுவானாலும் முத்திரை உண்டு என்பதால், ‘அரண்மனைக்கு எலி வழங்குவோர்’ என்று இரண்டாவது பலகையும் ஏறியது.

வரிசை இரண்டு மடங்கானது.

“எனக்கு ரெண்டு அரண்மனை எலி. பெருசு வேணாம், சாப்பாட்டு அறைக்கு அடக்கமா இருக்கட்டும்.”

“சான்றிதழ் தருவீங்கல்ல? பக்கத்து வீட்டுக்காரி நம்ப மாட்டா.”

குளிர்காலத்துக்குள் ஊரில் கடிபடாத ரொட்டி இல்லை. கடைசியில் நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் கையில் பூட்டோடு வந்து நின்றார்.

“இந்தக் கடையில எலி இருக்குன்னு புகார்!”

எட்வினா மேலே கைகாட்டினாள். அவர் இரண்டு பலகைகளையும் படித்தார். தொப்பியைக் கழற்றினார். பூட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“மன்னிக்கணும், அம்மணி. எங்க வீட்டுல இன்னும் வெறும் சாதா எலிதான்,” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.