போன்சாய்க்கு ஒரு பரிகார பெஞ்சு

காக்ஸ் டவுனில் அந்தக் கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே செருப்பு விட இடமில்லை. உள்ளே கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் பெஞ்சு வாங்க வந்திருந்தார்கள்.

உட்காருகிற பெஞ்சு இல்லை. போன்சாய்த் தொட்டிகளை மாடியில் வரிசையாக வைக்கிற பெஞ்சு. 1998இல் பெங்களூரில் பாதி மொட்டை மாடிகளில் ஒரு குட்டி மரமாவது இருந்தது. மீதி வீடுகளில் வாஸ்து இருந்தது. இரண்டையும் சேர்த்து விற்றால் என்ன என்று யோசித்த மகான்தான் ஞானசேகரன். அவருடைய கார்டில் 'வாஸ்து விஞ்ஞானி' என்று அச்சிட்டிருந்தது. எந்த விஞ்ஞானம் என்று சொல்லக் கார்டில் இடம் போதவில்லை போலும்.

போன்சாய் என்பது வளர்ச்சி தடுக்கப்பட்ட மரம். அதை வைத்திருக்கிற வீட்டிலும் வளர்ச்சி தடைபடும். பிரமோஷன் நிற்கும், கல்யாணம் தள்ளிப்போகும், பையன் உயரமாக வளர மாட்டான். இதுதான் அவர் கண்டுபிடிப்பு. அதற்காக மரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அவரிடம் ஒரு பரிகார பெஞ்சு வாங்கினால் போதும். தேக்கு மரம், மூன்று பக்கமும் பலகை அடைப்பு, மேலே செப்புத் தகடு, அதன்மேல் சிவப்பு வெல்வெட். விலை ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம்.

நிரூபணமும் உண்டு. சாதாரண பெஞ்சின் மேல் ஒரு திசைகாட்டியை வைத்தார். முள் பேய் பிடித்ததுபோல் ஆடியது. தன் பெஞ்சின் மேல் வைத்தார். சாப்பிட்டுத் தூங்கும் குழந்தைபோல் கிடந்தது.

"நான் பொய் சொல்லலாம் சார். முள்ளுக்குப் பொய் சொல்லத் தெரியுமா?"

கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஆல் போன்சாய் இருந்தது. மகள் அம்ருதாவுக்கு இருபத்தேழு வயதாகியும் கல்யாணமாகவில்லை. பார்த்த ஐந்து பையன்களையும் பிடிக்கவில்லை என்று அம்ருதா ஐந்து முறை சொல்லியிருந்தாள். அதை யாரும் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆலமரம்தான் காரணம் என்று இப்போதல்லவா தெரிந்தது.

கணவர் வெங்கடசுப்ரமணியன் பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் பாலம் கட்டியவர். பாலம் கட்டும்போது எந்த ஜோசியரையும் கேட்டதில்லை. பெஞ்சு வாங்கும்போது பேரம்கூடப் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஞானசேகரன் சொன்னபடி பெஞ்சைத் தென்மேற்கு மூலையில், மாடிப்படிக் கூரைக்குக் கீழே வைத்தார்கள். ஆறே வாரத்தில் ஆல் இலை கொட்டத் தொடங்கியது.

லிங்கராஜபுரத்து ஜோசஃபின், மங்களம் போகிற அதே போன்சாய் சங்கத்தில் உறுப்பினர். வங்கியில் வேலை. தன் வீட்டு மாடியில் சிமெண்டுக் கல் அடுக்கி, மேலே பலகை போட்டுத் தானே பெஞ்சு செய்துகொண்டவள். ஒருநாள் மரத்தைப் பார்க்க வந்தாள்.

"மாமி, இலை ஏன் இப்படிக் கொட்டுது?"

"வீட்டு தோஷத்தை மரம் வாங்கிக்கறதாம். வாஸ்துக்காரருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். கொட்டக் கொட்ட நமக்கு நல்லதுன்னார்."

"மொத்தமா செத்துப்போனா?"

"அப்போ முழுப் பரிகாரமும் ஆயிடுத்துன்னு அர்த்தமாம். அடுத்த மரத்துக்குப் புது பெஞ்சு வாங்கணும்."

ஜோசஃபின் தொட்டியைத் தூக்கினாள். வெல்வெட் ஊறிச் சாக்கடை நாற்றம் அடித்தது.

"தண்ணி போக வழியே இல்ல மாமி. வேர் அழுகுது. பலகைக்கு நடுவுல ரெண்டு விரல் இடைவெளி விடணும். காத்து வேணும், வெயில் வேணும். இது பெஞ்சு இல்ல, பொட்டி."

மங்களம் மொட்டைக் கிளையைத் தடவினாள். அம்ருதா பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்கு முன்பே நட்ட மரம் அது. "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா முள்ளு ஆடித்தே. கண்ணால பாத்தேனே."

"அது ஆடறப்ப அவர் கை எங்க இருந்தது?"

மங்களம் யோசித்தாள். "நான் முள்ளைத்தானே பாத்தேன்."

ஞானசேகரனின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு மங்களமும் கணவரும் ஜோசஃபினும் போனார்கள். ஜோசஃபின் முள்ளைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். சாதாரண பெஞ்சுக்கு வலது கை. சொந்த பெஞ்சுக்கு இடது கை. வலது கையில் ஒரு தடித்த மோதிரம்.

அவள் எழுந்தாள். "சார், ஒரு சின்ன சோதனை. நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. ரெண்டு பெஞ்சைப் போர்வை போட்டு மூடி வைக்கறோம். எதுல தோஷம்னு உங்க முள்ளு சொல்லட்டும்."

"துணி சக்தியைத் தடுக்கும்மா," என்றார் ஞானசேகரன்.

வெங்கடசுப்ரமணியன் சட்டைப் பையிலிருந்து ஞானசேகரனின் விளம்பர நோட்டீசை எடுத்தார். "கான்கிரீட் தளத்தையே ஊடுருவும்னு இதுல போட்டிருக்கேளே. போர்வை எம்மாத்திரம்?"

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் வெளியே போனவர், திரும்பி வந்து இரண்டு போர்வைகளையும் சுற்றிச் சுற்றி வந்தார். நெற்றியில் வேர்வை. கடைசியில் இடப்பக்கப் போர்வைமேல் திசைகாட்டியை வைத்து வலது கையை நீட்டினார். முள் துள்ளியது.

"இதுதான். கடுமையான தோஷம். இதை வெச்சிருக்கிற வீடு விளங்காது."

வெங்கடசுப்ரமணியன் போர்வையை இழுத்தார். தேக்கு, செப்புத் தகடு, சிவப்பு வெல்வெட். ஞானசேகரனின் சொந்தப் பரிகார பெஞ்சு.

"மாத்திச் சொல்லிட்டேன், வலப்பக்கம்தான்..."

ஜோசஃபின் வலப்பக்கப் போர்வையையும் எடுத்தாள். அதுவும் தேக்கு, செப்பு, வெல்வெட்.

மண்டபம் ஒரே சத்தமாயிற்று. ஞானசேகரன் திசைகாட்டியை அள்ளிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். வெங்கடசுப்ரமணியன், மங்களத்தின் பையிலிருந்த கிளை வெட்டும் சின்னக் கத்தரியை அவர் விரலருகே கொண்டுபோனார். 'டிக்' என்று மோதிரத்தில் ஒட்டிக்கொண்டது.

"காந்தம் உடம்புக்கு நல்லது சார்," என்றார் விஞ்ஞானி. அதற்குமேல் விஞ்ஞானம் பேச அவரை யாரும் விடவில்லை. வாங்கிய காசையெல்லாம் வைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டினார்.

கூட்டம் கலையும்போது ஒருவர் ஜோசஃபினிடம் வந்தார். "அப்போ பெஞ்சை எந்தத் திசையில வைக்கணும்மா?"

"வெயில் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம்."

"அது வாஸ்துப்படி சரியா வருமா?"

ஜோசஃபின் தன் செருப்பைத் தேடப் போனாள்.

மங்களத்தின் ஆலுக்குப் பாதி வேரை வெட்ட வேண்டியிருந்தது. இடப்பக்கக் கிளை பிழைக்கவில்லை. மற்றவை, வெங்கடசுப்ரமணியன் இடைவெளி விட்டு ஆணி அடித்த பெஞ்சில், இரண்டு மாதம் கழித்துத் துளிர்த்தன. மங்களம் தினமும் காலையில் போய், அந்தக் கிளை இருந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

மரத்தை வெட்டி வெட்டிக் குட்டையாக வளர்ப்பது ஒரு கலை, ஐயா. தாராளமாகச் செய்யுங்கள். மூளையை மட்டும் அந்தத் தொட்டியில் வைக்காதீர்கள்.