குடிகாட்டை ஓடவைத்த என் மஞ்சள் உடுப்பு

உயிரைக் காக்கும் உடுப்புகளைத் தைக்கிறவன் எவனும் வைகாசி வெயிலில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பைக் ஓட்டியதில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே பஞ்சு, அதற்குள் இன்னொரு பஞ்சு, கழுத்துக்கு ஒரு பட்டை என்று தைத்து அனுப்பிவிடுகிறான். நாம் அதை மாட்டிக்கொண்டு ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இட்லியாகிவிடுகிறோம். விழுந்தால் எலும்பு முறியாதாம். விழுவதற்கு முன்பே வெந்துபோகிறவனுக்கு எலும்பு முறிந்தால் என்ன, முறியாவிட்டால் என்ன?

சில வருடங்கள் ஆகியும் இந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

வீடு கடலூரில். வேலை அண்ணாமலை நகரில், ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது. மற்றவர்களின் பிழைகளைத் தேடி தினமும் பைக்கில் போய்வருகிறவன் நான். ஒருநாள் சாலையோர மணலில் சறுக்கி, முழங்கைத் தோல் உரிந்து வீட்டு வாசலில் வந்து நின்றேன். என் மனைவி கலைவாணி, ஒரு மருத்துவமனையின் எலும்புமுறிவு வார்டில் நர்ஸ். காயத்தைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“எங்க வார்டுல கால தொங்கப்போட்டுப் படுத்திருக்கிறவனுங்கள்லாம் யாருன்னு நெனைக்கிறீங்க? மெதுவாத்தான் போனேன் சிஸ்டர்னு சொன்னவனுங்கதான். நாளையிலேர்ந்து ஒடம்புக்கு ஒழுங்கா ஏதாச்சும் போட்டுக்கிட்டுத்தான் பைக்க எடுக்கணும். இல்லன்னா சாவியக் குடுங்க.”

புதுச்சேரிக்குப் போனேன். பைக்காரர்களுக்கான கடை. சுவர் முழுக்கக் கறுப்பு ஜாக்கெட்டுகள், அமாவாசையைக் கொக்கியில் மாட்டியதுபோல. விற்கிற பையன் ஒன்றை என் மேல் கவிழ்த்து, “இதுல காத்து பூரும்ணா” என்றான். குளிர்பதனக் கடைக்குள் நின்றுகொண்டு சொல்கிறான், படுபாவி. வெளியே வெயிலில் நின்று போட்டுப் பார்க்கிறேன் என்றேன். “அப்படிலாம் வெளிய எடுத்தும்போவ முடியாதுண்ணா.” செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது. (என் புத்தி வேலை செய்த நாட்களையெல்லாம் கலைவாணி ராகுகாலத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.) கறுப்பு வெயிலை இழுக்கும், மஞ்சள் இழுக்காது. மஞ்சள் லாரிக்காரனுக்குத் தூரத்திலேயே தெரியும். மஞ்சள் எங்கே கிடைக்கும்? கடலூரிலேயே, ஆலைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியில் தைத்த எலுமிச்சை மஞ்சள் உடுப்பு, மார்பில் வெள்ளிப் பட்டை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். முழங்கைவரை கையுறை. சாலையை அகலப்படுத்துகிறேன் பேர்வழி என்று அப்போது வழியெல்லாம் செம்மண் பறக்கவிட்டிருந்தார்கள்; அதற்காக, இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி வைத்த முகமூடி ஒன்று.

கடைக்காரர் கேட்டார்: “எந்த பிளான்ட்டு சார்?”

“பிளான்ட்டு இல்லீங்க. பைக்கு.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உடுப்பை மடித்துக் கொடுத்தார். ஒற்றெழுத்து விடுபட்டாலே துடித்துப்போகிற எனக்கு, அந்த முகத்தில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை எல்லாவற்றையும் மாட்டி, மேலே ஹெல்மெட்டையும் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினேன். கலைவாணி சுற்றிவந்து பார்த்தாள். “விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா உள்ள இருக்கறது நீங்கதானான்னு தெரியல.”

வெயில். வெயிலைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது, வசவுதான் வரும். மேலேயிருந்து விழுந்த வெயில், தாரில் பட்டு எழும்பிய வெயில், லாரியின் வயிற்றிலிருந்து சீறிய வெயில்; இவையெல்லாம் வெளியே. உள்ளே, என் உடம்பே எனக்கு அடுப்பு. வியர்வை முதுகில் இறங்கி, இடுப்பில் தேங்கி, பூட்ஸுக்குள் குளம் கட்டியது. கியர் மாற்றும்போதெல்லாம் காலடியில் நடவு வயல் சத்தம். குடிகாட்டை நெருங்கும்போது கண் இருட்டியது. ஓரம்கட்டி ஜிப்பை இழுத்தேன். தொண்டைக்குழியிலேயே மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பல்லில்லாத ஜிப். அதைச் செய்தவனுக்கும் பல்லில்லாமல் போக.

குடிகாடு, ரசாயன ஆலைகள் நிறைந்த தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். எதிரே ஒரு தெருவில் பந்தலும் வாழைமரமும் தெரிந்தன. பந்தல் என்றால் தண்ணீர் இருக்கும். வண்டியை அப்படியே விட்டுவிட்டுத் தள்ளாடி உள்ளே போனேன்.

அங்கே அமுதா என்ற பெண்ணுக்குப் பூ வைக்கும் சடங்கு. பெண்ணாடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டால் கல்யாணம் உறுதி. வைக்காவிட்டால் இரண்டு குடும்பமும் சும்மா டிபன் சாப்பிட்டதாக அர்த்தம். அந்த அம்மாள் பூச்சரத்தைக் கையில் எடுத்து, பெண்ணின் தலைக்குக் கொண்டுபோகிற அந்த நொடியில்தான், பந்தல்கால் பக்கம் மஞ்சளாக நான் போய் நின்றேன்.

முகமூடிக்குள்ளிருந்து குரல் வரவில்லை. அதனால் கையால் பேசினேன். தொண்டையைப் பிடித்துக் காட்டினேன்: ஜிப் மாட்டிக்கொண்டது. மூச்சு வாங்கிக் காட்டினேன்: முடியவில்லை. இரண்டு கையையும் வெளிப்பக்கமாக வீசினேன்: கொஞ்சம் விலகுங்கள், காற்று வரட்டும்.

எனக்கு இது அர்த்தம். ஆலைக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிற ஊருக்கு வேறு அர்த்தம்.

“கேஸு! கேஸு வுட்டுட்டானுங்கோ! ஓடுங்க!”

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. அதில் ஒழுங்கு இருந்தது. ஒரு பெண் மண்ணைக் கிள்ளி மேலே தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள். “குறுக்கால! காத்துக்குக் குறுக்கால!” எல்லோரும் அந்தப் பக்கமே திரும்பினார்கள். பட்டுப்புடவை முந்தானைகள் குடத்தில் முங்கி முகத்துக்கு ஏறின. குடம் கிடைக்காத ஒரு பெரியவர் துண்டை மோர் அண்டாவில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, மீசையெல்லாம் கறிவேப்பிலையாக என்னைக் கடந்து போனார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது. மாப்பிள்ளையின் தாய்மாமன், “வண்டில ஏறுங்கடா!” என்று கத்த, பூச்சரத்தோடு அந்த அம்மாள், மாப்பிள்ளை, மற்ற உறவெல்லாம் வேனுக்குள் திணிந்தார்கள். வேன் சிதம்பரம் பக்கம் புழுதி கிளப்பிப் பறந்தது.

காலிப் பந்தலில் நானும் மோர் அண்டாவும். ஹெல்மெட்டையும் முகமூடியையும் பிய்த்தெறிந்துவிட்டு, நேராக அண்டாவில் வாயை வைத்தேன்.

முதலில் திரும்பி வந்தவர் மண் தூவிய அந்தப் பெண்மணி. பெயர் வசந்தா, அமுதாவின் அம்மா.

“யோவ், கேஸு எங்கய்யா?”

“எந்த கேஸும்மா? எனக்கு வேர்க்குது. ஜிப்பு மாட்டிக்கிச்சி.”

“கம்பெனி ஆளு இல்லியா நீ?”

“பிரஸ்ஸுல வேல.”

அதற்குப் பிறகு அவர் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. ஏற்ற முடிந்தது இவ்வளவுதான்: “எம்மாடு போட்ட சாணிய எடுத்து மூஞ்சில அடிச்சிருவன். எம் பொண்ணுக்கு இன்னும் பூ வைக்கல! தாய்மாமன் இல்லாத புள்ளைக்கு நான் ஒண்டியா அலைஞ்சி முடிச்ச சம்மந்தம்யா. போயி இட்டாந்து வுடு அவுங்கள!”

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தவர்கள் போன் போட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் போன் இங்கேயே சார்ஜில் கிடந்து அலறியது. மற்றவர்கள் எடுக்கவில்லை. அப்போது அமுதா, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நானும் வர்றேன். இந்தக் கோலத்துல இவரு மட்டும் போனா இன்னும் ஓடுவாங்க. என் மூஞ்சியப் பாத்தாத்தான் நிப்பாங்க.”

பின்னால் ஏறினாள். எனக்குக் கலைவாணியின் வார்டு நினைவுக்கு வந்தது. ஊரான் வீட்டுப் பெண், பாதுகாப்பு முக்கியம் என்று என் ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தேன். (முகத்தைக் காட்டுவதற்காகக் கிளம்பியவளின் முகத்தை மூடினேன். ராகுகாலம்.)

புதுச்சத்திரம் தாண்டி வேனைப் பிடித்துவிட்டோம். ஹாரன் அடித்தேன். பின்கண்ணாடி வழியாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ஒரு மஞ்சள் ஆள். பின்னால் பட்டுப்புடவையில் முகமில்லாத ஓர் உருவம். வேன் வேகமெடுத்தது. நான் கை ஆட்டினேன். இன்னும் வேகமெடுத்தது. அமுதா என் முதுகில் குத்தினாள். “கைய ஆட்டாதண்ணா! நீ கைய ஆட்டித்தான் இவ்ளோவும்!”

கடைசியில் அவர்களை நிறுத்தியது சுங்கச்சாவடி. விஷவாயுவே துரத்தி வந்தாலும் இந்த நாட்டில் அந்தக் கம்பி தானாக எழாது. முன்னால் கரும்பு லாரி, அதன் பின்னால் வேன், அதன் பின்னால் நாங்கள். வேனின் ஜன்னல்கள் மளமளவென்று ஏறின. அமுதா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் வீசிவிட்டு, கண்ணாடியைத் தட்டினாள்.

“கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல. இவரு பைக்குக்கு ட்ரெஸ்ஸு போட்டுக்கினு வந்தவரு.”

தாய்மாமன் ஜன்னலை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கினார். முதலில் என்னைப் பார்த்தார், தலைமுதல் பூட்ஸ்வரை. பிறகு சொன்னார்: “இருந்தாலும் சகுனம் சரியில்லம்மா. எங்க புள்ள மாமியார் ஊட்டுக்கு வரப்போவ இருக்கணும். இப்பிடி உசுரப் புடிச்சிக்கினு ஓடுற ஊரு வாணாம்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கை காட்டி நிறுத்தினாள்.

“ஓடுற ஊருதான் மாமா. நாங்க எப்பிடி ஓடணும்னு தெரிஞ்சி ஓடுறோம். கெழவிய வுடமாட்டோம், மாட்ட அவுத்து வுட்டுட்டு ஓடுவோம். நீங்க காத்து எந்தப் பக்கம்னுகூடப் பாக்காம ஓடியாந்துருக்கீங்க. எங்கள அங்கியே வுட்டுட்டு.” பிறகு உள்ளே இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். “பூ வைக்கிறதா வாணாமான்னு ஒங்க மாமா சொல்ல வாணாம். நீங்க சொல்லுங்க. சொல்லிட்டு, நான் சொல்றதையும் கேளுங்க.”

மாப்பிள்ளை வேனின் கதவைத் திறந்து இறங்கினான். முகம் சிவந்திருந்தது. “அம்மா கையப் புடிச்சி இழுத்தாங்க, ஏறிட்டேன். உன்னையும் இட்டாந்திருக்கணும். தப்புதான்.”

“இனிமே?”

“நீ ஏறாம நான் ஏறமாட்டேன்.”

பின்னால் பேருந்தும் லாரிகளும் ஹாரனில் கொந்தளித்தன. அமுதா மாமியார் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்தாள். அந்த அம்மாள், பாதி உதிர்ந்திருந்த சரத்தை, அழுதுகொண்டே அவள் கொண்டையில் செருகினார். சுங்கச்சாவடிப் பையன் கம்பியைத் தூக்கினான். மேளத்துக்குப் பதில் கரும்பு லாரி முழங்கியது. அந்த உடுப்புக்குள் வெந்துகொண்டே நான் அழுதேன். வியர்வைதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் கலைவாணி, மாவுக்கட்டு அறுக்கும் கத்தரியால் என்னை அந்த உடுப்பிலிருந்து வெட்டியெடுத்தாள். சிரித்த சிரிப்பில் என் கழுத்தையும் சேர்த்துக் கீறினாள். கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு வசந்தா அக்கா என்னையே கூப்பிட்டார். “பொண்ண வண்டில ஏத்திக்கினு போனவன் நீதான், முறையும் நீயே செய்” என்றார். இரண்டு குடும்பத்திலும் எனக்கு ‘கேஸு மாமா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. விசேஷத்துக்கு அழைக்கிறவர்கள் எல்லாம், “மாமா, வேட்டில வாங்க” என்று ஒரு வார்த்தை சேர்த்தே அழைக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிகிறது.

இப்போது கலைவாணி தேர்ந்தெடுத்த சாம்பல் நிற வலை ஜாக்கெட். காற்று பூருகிறது. குடிகாடு வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளி முகத்தைக் காட்டுகிறேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்களோடு வசந்தா அக்காவும் இருந்தால், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்:

“கேஸு மாமா! இன்னிக்கி ஓடணுமா, வாணாமா?”

“வாணாம்க்கா!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தினமும் அதே கேள்வி, அதே சிரிப்பு. ஆனால் நான் கவனித்திருக்கிறேன், கவனித்ததிலிருந்து என் கோபம் உடுப்பு தைத்தவனைத் தாண்டி வேறெங்கோ போகிறது: கேள்வி கேட்டதும் அவர்கள் சிரிப்பதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ‘வாணாம்’ என்று சொன்ன பிறகுதான் சிரிக்கிறார்கள்.