சம்பந்திக்குக் கொடுத்த திசைகாட்டி

ஆலங்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

சிங்கப்பூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டிய என் மைத்துனன் நிலவழகனுக்கு, மச்சான் ஆனந்தராஜ் எழுதுவது. நானும் உன் அக்கா பிரகதீஸ்வரியும் மகள் இசைவாணியும் நலம். நீ அனுப்பிய காந்த பெல்ட்டைக் குளிக்கும் நேரம் தவிரக் கழற்றுவதில்லை. முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த இடுப்பு இப்போது தேவலை. போனில் சொன்னால் உன் அக்கா இடையில் புகுந்து கதையை மாற்றிவிடுவாள், அதனால்தான் கடிதம்.

இசைவாணியின் மாமனாராகப் போகிற முத்துராஜ், கீரனூரில் கட்டிய வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார். என்ன கொடுப்பதென்று பதினைந்து நாள் குழம்பினேன். சுவர்க்கடிகாரம் வேண்டாம், நமக்கு வந்த ஒன்பதும் இன்னும் பரணில்தான் கிடக்கின்றன. கிழக்கு வாசல் வைத்ததை வழியில் போகிறவரிடமெல்லாம் சொல்கிற மனிதருக்குத் திசைகாட்டி கொடுத்தால் என்ன என்று தோன்றியது. புதுக்கோட்டைக் கடையில் எட்டு எடுத்துப் போட்டார்கள். பிளாஸ்டிக்கோ, சாவிக்கொத்தில் தொங்குவதோ, நான் எதைக் கையில் எடுத்தாலும் முள் என்னைப் பார்த்தே நின்றது. "உங்க கைராசி அப்படிங்க" என்றார் கடைக்காரர். மூடி போட்ட பித்தளையில் இரண்டு வாங்கினேன், நமக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று.

சும்மா கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். புத்தி கெட்டு, தலைவாசலில் தெருவைப் பார்த்து நின்று, வயிற்றோடு அணைத்துப் பிடித்து, அத்தனை பேர் பார்க்க மூடியைத் திறந்தேன், முள் என் பக்கம் திரும்பி நின்று, வாசலுக்கு நேரே தெற்கு என்றது, தட்டிப் பார்த்தேன், அப்போதும் தெற்கு. சம்பந்தியம்மா கையில் கேசரித் தட்டு அப்படியே நின்றுவிட்டது. முத்துராஜ் என்னைத் தனியே கூப்பிட்டு, "தெக்கு வாசல்னா இடிச்சுட்டுத்தாங்க குடிவருவேன். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்" என்றார். தையில் முகூர்த்தம், பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. இசைவாணியிடம் போய் என்ன சொல்வேன் என்று வாசலையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

அப்போதுதான் வாசலை ஒட்டி ரேடியோ செட் மூக்கன் ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்த ஸ்பீக்கர் கண்ணில் பட்டது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்குமே. "அங்கிட்டுத் தூக்குய்யா இத. குடியக் கெடுக்கவா கொண்டாந்து வச்ச?" என்று கத்தினேன். "எல்லா வீட்லயும் வாசல்லதாங்க வைப்பேன்" என்று அவன் முனகினான். திசைகாட்டியைச் சம்பந்தி கையில் கொடுத்துவிட்டு, நானே ஒரு பக்கம் பிடித்துத் தெருமுனை வரை தூக்கிப்போனேன். வாசலிலிருந்து "கெழக்குங்க சம்பந்தி, சுத்தமான கெழக்கு" என்று குரல் வந்ததும் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்துச்சு மாப்ளே. "நீங்க இல்லேன்னா வீட்டையே இடிச்சிருப்பேங்க" என்று சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டார். வந்தவர் போனவரெல்லாம் மூக்கனை ஏசினார்கள். கல்யாணத்துக்கு அவன் செட் கூடாதென்றும் முடிவாகிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு. தையில் லீவு போட்டு வந்து சேர். திருவரங்குளத்துச் சிவன் உன்னை அங்கேயும் ஒரு கண் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் மச்சான்,
ஆனந்தராஜ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் நம் வீட்டுத் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். தலைவாசல் தெற்கு. கொல்லை வாசலும் தெற்கு. உன் அக்கா நிற்கிற அடுப்படியும் தெற்கு. "அந்த பெல்ட்டக் கழட்டிட்டுப் பாருங்க" என்றாள். கழற்றினேன். முள் ஒழுங்காக வடக்கே போய் நின்றது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மூக்கனைப் பார்க்கப் போகிறேன். காலில் விழுந்தாவது கல்யாணத்துக்கு அவன் செட்டையே வைக்கச் சொல்ல வேண்டும். சம்பந்தியிடம் என்ன சொல்வதென்று வழியில்தான் யோசிக்கணும். பெல்ட் பரணில், கடிகாரங்களோடு. இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு நீ தேடி அலைந்து எதுவும் வாங்காதே. ஒரு சுவர்க்கடிகாரம் போதும்.